பச்சை கவுன் போட்ட ஆறாவது பாட்டு

என்னுடைய முதல் ஆல்பத்தில் எட்டுப் பாட்டு. எட்டும் எட்டு விதம். கானா ஒன்று, பிரெஞ்சு பாணி வால்ட்ஸ் ஒன்று, ரெகே ஒன்று, ராப் ஒன்று, கல்யாணி ராகத்தில் கிட்டார் போட்டது ஒன்று, டெக்னோ ஒன்று, கிசுகிசுத்தே பாடியது ஒன்று, கடைசியில் தாலாட்டு மாதிரி ஒன்று. ஆல்பத்துக்கு ‘எட்டுத் திசை’ என்று பெயர் வைத்தேன். அப்போது எனக்கு வயது முப்பத்துமூன்று. அந்த வயதிலும் இப்படி ஒரு பெயரை வெட்கமில்லாமல் வைக்க முடிந்ததை நினைத்தால் இன்றைக்கும் காது சூடாகிறது.

ஏன் எட்டு விதம் என்று கேட்டவர்களுக்கெல்லாம் ஒரு பதில் தயாராக வைத்திருந்தேன். “நான் பாண்டிச்சேரிக்காரி, எனக்குள்ள எல்லாக் கரையும் இருக்கு” என்பேன். கண்ணாடி முன்னால் நின்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்த பதில் அது. உண்மையான காரணம் வேறு. எனக்கு என் குரல் மேல் நம்பிக்கை கிடையாது. கானா பிடிக்காதவர்களுக்கு வால்ட்ஸ் பிடிக்கட்டும், அதுவும் பிடிக்காதவர்களுக்கு ராப் பிடிக்கட்டும் என்று, பந்தியில் யார் எதைத் தொடுவார்களோ தெரியாமல் இலை கொள்ளாத அளவுக்குப் பரிமாறியிருந்தேன். இணையத்தில் யாரோ ஒருவர், “பாடகி இன்னும் தன்னைத் தேடிக்கொண்டிருக்கிறார்” என்று எழுதினார். அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு பள்ளிக்கூட ஆசிரியர் அறையில் எல்லோருக்கும் காட்டினேன்.

ஆமாம், பள்ளிக்கூடம். ரெட்டியார்பாளையத்தில் ஒரு பள்ளியில் நான் பாட்டு டீச்சர். காலை வழிபாட்டில் அறுநூறு பிள்ளைகளை ஒரே சுருதிக்குக் கொண்டுவர முயல்வதும், முடியாமல் ஆர்மோனியத்தைச் சத்தமாக வாசித்துச் சமாளிப்பதும் என் வேலை. ஆல்பத்தை வீட்டிலேயே பதிவு செய்தேன். துணி இருந்தால் எதிரொலி வராது என்பதால் அம்மாவின் பீரோவுக்குள் புடவைகளுக்கு நடுவே மைக்கைத் தொங்கவிட்டு, தலையை உள்ளே நீட்டிப் பாடினேன். மூன்றாவது பாட்டில் ‘கிர்ர்ரீச்’ என்று ஒரு சத்தம் வரும். அம்மா யாருடைய கல்யாணத்துக்கோ கிளம்பும்போது புடவை எடுக்கப் பீரோவின் மறுகதவைத் திறந்த சத்தம் அது. அந்த இடத்தில் தாளம் புதுமையாக இருப்பதாக இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். நான் மறுக்கவில்லை.

இவ்வளவு பேருக்காகப் பரிமாறினாலும் நான் சாப்பிடவைக்க நினைத்தது ஒரே ஒருவரைத்தான். என் அப்பா அதே ரெட்டியார்பாளையத்தில், விழுப்புரம் சாலையில் நாற்பது வருடமாக மைக் செட் கடை வைத்திருக்கிறார். காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கல்யாணம், திருவிழா, சாவு எதுவானாலும் அப்பாவின் குழாய் ஸ்பீக்கர்கள் கம்பத்தில் ஏறும். உலகத்தில் பாடிய எல்லோரும் அந்தக் குழாய்களில் பாடியிருக்கிறார்கள். நான் மட்டும் பாடியதில்லை. என் பாட்டு ஒன்று, ஒரே ஒன்று, அப்பாவின் செட்டில் ஊர் கேட்க வரவேண்டும் என்பது சின்ன வயதிலிருந்து எனக்கு இருந்த ஆசை. கேட்டேன்.

“நல்லாருந்தா போடறேன் பாப்பா” என்றார். “எம் பொண்ணுன்றதுக்காக போட்டா ஊரு சிரிக்கும்.”

அப்பாவுக்கு மைக் செட்டின் மரியாதை பெரிது. எந்த நேரத்தில் எந்தப் பாட்டு என்பதில் அவர் தப்பியதே கிடையாது. பெண் அழைப்புக்கு ஒன்று, சீர்வரிசைத் தட்டு வரும்போது ஒன்று, பந்தி முடிகிற நேரத்துக்கு ஒன்று என்று எல்லாம் தலைக்குள் அடுக்கி வைத்திருப்பார். சாவு வீட்டில் பாட்டு மாற்றும்போது நடுவில் எத்தனை நொடி அமைதி விடவேண்டும் என்பதற்குக்கூட அவரிடம் கணக்கு உண்டு.

ஆக, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கடையில் தேர்வு நடந்தது. நான் ஆல்பம் முழுவதையும் ஹெட்போனில் கேட்டுக் கேட்டுச் சரிசெய்திருந்தேன். அப்பா ஹெட்போனை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, பென்டிரைவை ஆம்ப்ளிஃபயரில் செருகி, வாசலில் கிடந்த குழாய்க்கு லைன் கொடுத்தார். குழாய்க்கு அடித்தொண்டை கிடையாது என்பது மைக் செட்காரன் மகளான எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். மூன்று மாதம் உட்கார்ந்து நான் செதுக்கிய பேஸ் எல்லாம் அந்த அலுமினியப் புனலில் நுழைந்து காணாமல் போனது.

கானாவைக் கேட்டுவிட்டு, “இத சாவுக்கு போடலாம். ஆனா நடுவுல இங்கிலீசு வருது. சாவு ஊட்ல இங்கிலீசு எதுக்கு?” என்றார். வால்ட்ஸுக்கு, “சர்ச்சு கல்யாணத்துக்கா? பொண்ணுக்கு இஷ்டமில்லாத கல்யாணம் மாதிரி இருக்குதே.” ரெகே ஓடும்போது எழுந்துபோய் ஸ்விட்ச் போர்டைத் தட்டிப் பார்த்தார். கரண்ட் விட்டு விட்டு வருகிறது என்று நினைத்துவிட்டார். கிசுகிசுப் பாட்டு ஓடியபோது பக்கத்து டீக்கடைக்காரர் கையில் வடிகட்டியோடு வந்து, “இன்னாண்ணே, கொயாய்ல காத்து மட்டும் வருது?” என்று விசாரித்தார். தாலாட்டுக்கு, “கொழந்த தூங்கறப்ப மைக் செட்டு போட்டா முழிச்சிக்குமே பாப்பா” என்றார், மிகவும் அன்பாக.

கடைசியில் கேட்டார். “இதெல்லாம் எந்த விசேஷத்துக்கு?”

“விசேஷத்துக்கு இல்லப்பா. சும்மா கேக்கறதுக்கு.”

“சும்மா கேக்கறதுக்கு யாரு மைக் செட்டு வெப்பாங்க?”

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அன்று மதியம் சாப்பிடவில்லை, அதாவது எல்லோர் கண்முன்னாலும் சாப்பிடவில்லை. ஆனால் மனதுக்குள் ஒரு துருப்புச்சீட்டு இருந்தது. ஆறாவது பாட்டை அப்பாவுக்கு நான் போட்டுக் காட்டவில்லை. பென்டிரைவில் ஏழு பாட்டுத்தான் வைத்திருந்தேன். ஆறாவதை வெளியீட்டு விழாவில் கேட்டு அப்பா அசந்துபோக வேண்டும் என்பது என் திட்டம். ஏனென்றால் அதில் பாடியிருப்பதே அப்பாதான்.

பரணைச் சுத்தம் செய்யும்போது ஒரு பழைய கேசட் கிடைத்திருந்தது. மேலே அப்பாவின் கையெழுத்தில் ‘மாசி மகம்’ என்று மட்டும் இருந்தது. மாசி மகத்தன்று வைத்திக்குப்பம் கடற்கரைக்கு எங்கெங்கிருந்தோ சாமிகள் தீர்த்தவாரிக்கு வரும். எங்கள் ஊர்ச் சாமி இறங்கும் பந்தலுக்கு வருடா வருடம் அப்பாதான் மைக் செட். அந்தக் காலத்தில் ஆம்ப்ளிஃபயரிலிருந்து டேப்புக்கு ஒரு வயர் போட்டு நாதஸ்வரத்தைப் பதிவு செய்து வைப்பார். இந்தக் கேசட்டிலும் நாதஸ்வரம் இருந்தது. நடுவில் அது நின்று, அப்பாவின் குரல் வந்தது. மைக்கைப் பிடித்தால் அப்பாவுக்கு ஒரு தனித் தமிழ் வந்துவிடும்.

“அலோ, அலோ. பக்தகோடிகள் கவனத்திற்கு. நான்கு வயதுள்ள பெண் குழந்தை ஒன்றைக் காணவில்லை. பச்சைக் கலர் கவுன் அணிந்திருக்கும். பார்த்தவர்கள் தயவுசெய்து மைக் செட்டுக்குக் கொண்டுவந்து ஒப்படைக்கும்படி கேட்டுக்கொள்கிறோம்.”

திருவிழாவில் குழந்தை தொலைவதும், அப்பா மைக்கில் சொல்வதும், யாராவது தூக்கிக்கொண்டு வந்து கொடுப்பதும் வழக்கம். கேசட்டில் அந்த அறிவிப்பு மூன்று தடவை வந்தது. மூன்றாவது தடவை ‘குழந்தை’ என்ற சொல்லில் அப்பாவின் குரல் பிசிறி, மேலே போய், உடைந்தது. அந்த உடைசலைக் கேட்டதும் நான் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டேன். தங்கம்! ஓர் அறிவிப்பைத் தொடக்கத்தில் அப்படியே வைத்துவிட்டு, அந்த உடைசலை மட்டும் தனியாக வெட்டினேன். சுருதி சேர்க்கும் மென்பொருளில் போட்டு நேராக்கினேன். ‘குழ-குழ-குழ-குழந்தை’ என்று நான்கு தடவை அடுக்கி டெக்னோ பீட்டின் மேல் ஏற்றினேன். சிரிப்பாக வந்தது. ஊர்வாசனையும் வந்துவிட்டது, எங்கப்பாவுக்கு மரியாதை செய்ததாகவும் ஆயிற்று என்று என்னை நானே தட்டிக்கொடுத்துக்கொண்டேன்.

வெளியீடு ஒயிட் டவுனில் ஒரு காபிக் கடையின் மொட்டைமாடியில், மாலை ஐந்து மணிக்கு நடந்தது. நாற்பது பேர் வந்திருந்தார்கள். என்னுடன் வேலை செய்யும் டீச்சர்கள், காலாப்பட்டிலிருந்து பஸ் பிடித்து வந்த பல்கலைக்கழக மாணவர்கள், காபி குடிக்க வந்த சுற்றுலாப் பயணிகள், எங்கள் தெரு சொல்தா ஒருவர். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்று வந்தவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்பார்கள். வால்ட்ஸ் முடிந்ததும் அவர் கைதட்டி, “நல்லா பாடன மா. இது எந்த ஊரு மொழி?” என்று கேட்டார். ஆறு மாதம் பிரெஞ்சு வகுப்புக்குப் போய்விட்டு எழுதிய பாட்டு அது.

அப்பா ஒரு காதுகுத்தில் செட் கட்டிவிட்டு நேராக வந்திருந்தார். வெள்ளை வேட்டி, சட்டைப் பையில் டெஸ்டர். வந்ததும் என்னைப் பார்ப்பதற்கு முன்னால் ஸ்பீக்கரின் பின்புறத்தைப் பார்த்தார். அம்மா முன்வரிசையில் இடம் போட்டு வைத்திருந்தாள். ஐந்து பாட்டு முடிந்தது. நான் மைக்கில், “அடுத்த பாட்டுல ஒரு ஸ்பெஷல் ஆள் பாடியிருக்காரு” என்று சொல்லிவிட்டு அப்பாவைப் பார்த்துச் சிரித்தேன். லேப்டாப்பில் பொத்தானை அழுத்தினேன்.

அலோ, அலோ என்று வந்ததுமே கூட்டம் சிரித்தது. அப்பா நிமிர்ந்தார், முகத்தில் ஒரு சந்தோஷம்கூட வந்தது. பச்சைக் கலர் கவுன் என்று வந்தபோது அந்தச் சந்தோஷம் போய்விட்டது. பிறகு பீட் விழுந்தது. ‘குழ-குழ-குழ-குழந்தை’ என்று அப்பாவின் குரல் துள்ளத் துள்ள, மாணவர்கள் எழுந்து ஆடினார்கள். ஒருவன் அந்த உடைசலை அப்படியே திருப்பிச் சொல்லிக் காட்டினான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இரண்டாவது சுற்று வரும்போது அப்பா எழுந்து, நாற்காலியைச் சத்தம் இல்லாமல் பின்னால் தள்ளிவிட்டு, படி இறங்கிப் போய்விட்டார். காதுகுத்துக்குத் திரும்பிப் போகிறார் போலிருக்கிறது என்று நினைத்தேன். அவ்வளவு கெட்டி மண்டை எனக்கு.

மறுநாள் காலை நான் இணையத்தில் எத்தனை பேர் கேட்டிருக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டு ஹாலில் உட்கார்ந்திருந்தேன். அம்மா என் எதிரில் வந்து நின்று, என் தலைக்கு மேலே சுவரைக் காட்டினாள்.

“அங்க பாரு. இன்னா மாட்டியிருக்குது?”

சட்டம் போட்ட போட்டோ. நான் நாலு வயதில், ரெட்டை ஜடை போட்டு, ஸ்டூடியோவில் பிளாஸ்டிக் பூங்கொத்தோடு நிற்கிறேன். பச்சை கவுன்.

“அந்தக் கொழந்த நீதான்டி” என்றாள்.

அந்த ஆறாவது பாட்டைச் செய்த மூன்று வாரமும் நான் அந்தப் போட்டோவுக்குக் கீழேதான் ஹெட்போன் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அம்மா நின்றபடியே சொல்லி முடித்தாள். அன்று கூட்டத்தில் ஒரு குழாயில் சத்தம் நின்றுபோக, அப்பா என்னை ஆம்ப்ளிஃபயர் பெட்டிமேல் உட்காரவைத்துவிட்டுக் கம்பத்தில் ஏறியிருக்கிறார். இறங்கிப் பார்த்தால் பெட்டி மட்டும் இருந்திருக்கிறது. இரண்டு மணி நேரம். பக்கத்தில் கடல். நான் அலையில் நனைந்து அழுதுகொண்டிருந்ததை வைத்திக்குப்பத்தில் மீன் விற்கும் ஒரு அம்மா பார்த்து, ஈரக் கவுனைக் கழற்றிப் படகின்மேல் காயப்போட்டு, தன் துண்டை எனக்குச் சுற்றி, சுண்டல் வாங்கிக் கொடுத்து வைத்திருக்கிறார். அறிவிப்பு அவர் காதிலும் விழுந்திருக்கிறது. ஆனால் அவர் கணக்கில், தேடுவது கவுன் போட்ட குழந்தையை, அவர் மடியில் இருப்பதோ துண்டு கட்டிய குழந்தை. யாரோ காய்ந்துகொண்டிருந்த கவுனைப் பார்த்துச் சொன்ன பிறகுதான் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாராம். அதற்குப் பிறகு வீட்டில் யாரும் இந்தப் பேச்சையே எடுத்ததில்லை.

நான் அன்றே ஆறாவது பாட்டை இணையத்திலிருந்து எடுத்தேன். ‘எட்டுத் திசை’யில் ஏழு பாட்டு மிஞ்சியது. ஏன் ஏழு என்று கேட்டும் ஒருவர் எழுதினார். நான் பதில் போடவில்லை. பெற்ற தகப்பன் கடற்கரையில் அழுத அழுகையை வெட்டி, சுருதி திருத்தி, ஆட்டம் போடக் கொடுத்தவள் நான் என்று அந்தப் பதில் கட்டத்துக்குள் எப்படி எழுதுவது?

நாலு நாள் கழித்துத்தான் கடைக்குப் போகத் தைரியம் வந்தது. அப்பா ஒரு மைக் வயருக்கு ஈயம் வைத்துக்கொண்டிருந்தார். நான் பேச்சை எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல், அந்த இடத்தில் கிடந்த வயரை எடுத்துச் சுற்ற ஆரம்பித்தேன்.

“மாத்தி சுத்தற” என்றார். “எட்டு போடு.”

எட்டு மாதிரி மடித்துச் சுற்றினேன். “எனக்குத் தெரியாதுப்பா” என்றேன். அழுகை வந்துவிட்டது.

“தெரிஞ்சி செய்வியா? அவங்க சிரிச்சது பெருசில்ல பாப்பா. நீயும் சிரிச்ச பாரு, அப்பதான்…” என்று நிறுத்தி, ஈயத்தை ஊதி ஆறவைத்தார். பிறகு என்னைப் பார்க்காமல் சொன்னார். “அந்தக் கேசட்டுல இன்னொரு விசயம் இருக்குது. கவனிச்சியா?”

“இல்லப்பா.”

“பேரு இல்ல. காணாம போன கொழந்தன்னா மொதல்ல பேரத்தான் சொல்லணும். ஊரு புள்ளைங்களுக்கெல்லாம் பேர சொல்லித்தான் அறிவிப்பேன். உனக்கு மட்டும் சொல்லல. சொன்னா, ஊரு புள்ளைங்கள கண்டுபுடிச்சி குடுக்கறவன் தம் புள்ளய உட்டுட்டான்னு பேசுவாங்களேன்னு வெக்கம். மூணு தடவ மைக்க புடிச்சேன். மூணு தடவயும் உம் பேர முழுங்கிட்டேன். நீ அங்க குந்திக்கினு, போறவங்க வரவங்களுக்கெல்லாம் உம் பேர சொல்லிக்கினு இருந்தியாம். நான் ஒரு தடவ சொல்லியிருந்தா அஞ்சே நிமிசம்.”

அப்பா கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைத்தார். ஈயப் புகை கண்ணில் பட்டுவிட்டது என்றார். இருபத்தொன்பது வருடமாக இதை ஒரு மனுஷன் தனியாகச் சுமந்திருக்கிறான். நானோ ஹெட்போனில் அதற்குப் பீட் போட்டிருக்கிறேன். இதில் எனக்கு ஒரு பாடம் இருக்கிறது என்றும் உடனே தோன்றியது. டீச்சர் வேலை பார்ப்பவர்களுக்கு எங்கே பார்த்தாலும் பாடம் தோன்றும். நல்லவேளையாக வாயைத் திறக்கவில்லை. மீதி வயரையும் எட்டுப் போட்டுச் சுற்றி ஆணியில் மாட்டிவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

மாசி மகத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது, சாப்பிட்டுக்கொண்டே அப்பா சொன்னார்.

“அந்த ஆறாவது பாட்ட பென்டிரைவுல போட்டுக் குடு பாப்பா.”

நான் சோற்றுக் கையோடு நிமிர்ந்தேன். “எந்த விசேஷத்துக்குப்பா?”

“மாசி மகத்துக்குத்தான். வேற எதுக்கு ஆவும் அது?”

ஒரு வாரம் பள்ளியில் நான் நடத்திய பாட்டு எல்லாம் யாருக்கு நடத்தினேனோ தெரியாது. வீட்டுக்கு வந்ததும் ஆறாவது பாட்டைத் திறந்து உட்கார்ந்துவிடுவேன். முதலில் சுருதி திருத்தியதை எடுத்தேன். அடுக்கியதை எடுத்தேன். அப்பாவின் குரலைத் துள்ளவைத்த பீட்டை அடியோடு எடுத்தேன். அறிவிப்பு மூன்றும் கேசட்டில் இருந்தபடியே வரும், அது முடிந்த பிறகு ஒரே ஒரு கிட்டாரோடு நான் பாடுவேன். எந்த நாட்டு பாணியும் இல்லை, பீரோவுக்குள் தலையை நீட்டாமல் ஹாலில் உட்கார்ந்து பாடியது. அப்பா வெளியே போன நேரமாகப் பார்த்து, கடைக் குழாயிலேயே போட்டுப் போட்டுச் சரிபார்த்தேன். டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்து, “உங்கப்பா எங்க இருந்து பேசறாரு?” என்று கேட்டார். அவ்வளவு துல்லியம் என்று பூரித்துப்போனேன். அவர் கேட்டதில் ஓர் எச்சரிக்கை இருந்தது எனக்கு உறைக்கவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒன்றைக் கூட்டாமல் குறைத்திருக்கிறேன் என்ற பெருமை.

மாசி மகத்தன்று காலையிலேயே வைத்திக்குப்பத்தில் மணல் தெரியவில்லை, தலைதான் தெரிந்தது. சாமிகள் டிராக்டரிலும் லாரியிலும் வந்து இறங்கிக்கொண்டிருந்தன. படகுகளை மேலே இழுத்துவைத்து அவற்றின்மேல் ஆட்கள் ஏறி நின்றிருந்தார்கள். எங்கள் பந்தலுக்கு ஆறு குழாய். பதினொரு மணிவாக்கில் எங்கள் சாமி தீர்த்தவாரி முடிந்து கரையேறியது, நாதஸ்வரம் ஓய்ந்தது. அப்பா அம்மாவையும் என்னையும் ஆம்ப்ளிஃபயர் மேசைக்குப் பக்கத்தில் கூப்பிட்டு நிறுத்திக்கொண்டார். பொத்தானை அழுத்தினார்.

“அலோ, அலோ. பக்தகோடிகள் கவனத்திற்கு…”

ஆறு குழாயிலும், இருபத்தொன்பது வருடத்துக்கு முந்தைய அப்பா பேசினார். அம்மா என் கையைப் பிடித்தாள். நான் கண்ணை மூடிக்கொண்டு, மூன்றாவது அறிவிப்பு முடிந்து என் குரல் வரப்போவதற்காகக் காத்திருந்தேன். திறந்தபோது எதிரில் ஒரு பெரியவர் நின்றிருந்தார். கையில் பச்சை கவுன் போட்ட ஒரு குழந்தை, கதறிக்கொண்டிருந்தது.

“இதுவா பாருங்க.”

அவருக்குப் பின்னால் இரண்டு பெண்கள் இன்னொரு பச்சை கவுனோடு. இதைப் பெற்றவள் இடுப்பிலிருந்தே பிடுங்கிக்கொண்டு வந்திருக்க வேண்டும், குழந்தையின் அம்மா தலைவிரிகோலமாகத் திட்டிக்கொண்டே ஓடிவந்தாள். மூன்றாவதாக வந்தது பச்சைப் பாவாடை. நாலாவது, பையன். பச்சைச் சட்டை போட்டிருந்தான், அவனைத் தூக்கி வந்தவருக்கு அதுவே போதுமானதாக இருந்தது. படகுமேல் நின்றவர்கள் கடல் பக்கம் பார்த்துக் கையைக் காட்டிக் கத்தினார்கள். நாலைந்து இளைஞர்கள் லுங்கியை மடித்துக்கட்டித் தண்ணீரில் இறங்கிவிட்டார்கள். ஒரு போலீஸ்காரர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, “பெத்தவங்க யாரு, பெத்தவங்க யாரு?” என்று கேட்டுக் கேட்டு விசில் ஊதினார்.

அப்பா என்னைப் பார்த்தார். “பீட்டு எங்க பாப்பா?”

“எடுத்துட்டேன்ப்பா.”

“அய்யய்யோ! அது இருந்தாதான் பாட்டுன்னு தெரியும்!”

மூன்றாவது அறிவிப்பு அப்போது ஓடிக்கொண்டிருந்தது. குரல் உடையும் இடம். ஒருவரும் சிரிக்கவில்லை. கரையில் இருந்த அத்தனை முகமும் குழாயை அண்ணாந்து பார்த்தது. ஒரு அம்மா, யாருடைய குழந்தைக்கோ, மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். என் பாட்டு வரவேண்டிய நேரம். அப்பா பொத்தானை அணைத்தார். என் கிட்டாரின் ஒரு ‘டிங்’ மட்டும் ஊர் கேட்டது.

மைக்கைக் கையில் எடுத்து, இரண்டு தடவை விரலால் தட்டினார்.

“அலோ, அலோ. பக்தகோடிகள் கவனத்திற்கு. இப்போது அறிவித்த பச்சைக் கலர் கவுன் அணிந்த குழந்தை…” என்று மைக் தமிழில் ஆரம்பித்தவருக்கு, அதற்குமேல் அந்தத் தமிழ் வரவில்லை. “அந்தக் கொழந்த கெடச்சிடுச்சி. இருவத்தொம்பது வருசத்துக்கு முன்னாடியே கெடச்சிடுச்சி. இங்க நம்ம பந்தல்லதான் தொலஞ்சிது. நாந்தான் உட்டுட்டேன். எம் பொண்ணு அது.”

பிறகு என் பெயரைச் சொன்னார். இனிஷியலோடு சொன்னார். அவருடைய இனிஷியல்.

“பக்கத்துலதான் நிக்குது. யாரும் தேட வேணாம்.”

மீன்காரப் பெண்கள் பக்கத்திலிருந்து யாரோ, “நல்லாருக்கட்டும்!” என்று குரல் கொடுத்தார்கள். தண்ணீரில் இறங்கிய இளைஞர்கள் திட்டிக்கொண்டே கரையேறினார்கள். அப்பா மைக்கை மேசைமேல் வைத்துவிட்டு என் தலையில் கையை வைத்தார். எனக்குக் கேவல் வந்துவிட்டது, முப்பத்துமூன்று வயதுக்குப் பொருத்தமே இல்லாத கேவல். அவர் மைக்கை அணைக்கவில்லை என்பது, என் அழுகை ஆறு குழாயிலும் திரும்பி வந்து என் காதில் விழுந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது.